மொட்டைக் கடதாசியும் மூன்றாம் தாளும்

மொட்டைக் கடதாசி எழுதியவன் பெயரை மறைத்திருந்தான். உத்தியோகத்தை மறைக்க மறந்துவிட்டான்.

நசீறா அதை ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். நடராசாவுக்குத்தான் பிடிபடவில்லை. தாளை முன்னும் பின்னும் திருப்பி, வெயிலுக்கு எதிரே பிடித்தும் பார்த்தான்.

"பேரில்லை, ஊரில்லை, கையெழுத்தில்லை. பிறகு எப்பிடியக்கா உத்தியோகம் தெரியும்?"

"முதல் வரியை வாசியும்."

"'மேற்படி விடயம் தொடர்பாக.'"

"அதுக்கு மேல என்ன விடயம் இருக்கு?"

நடராசா பார்த்தான். மேலே ஒன்றுமே இல்லை. வெறும் தாள்.

"ஒரு சாதாரண மனுசன் கோள் சொல்ல வெளிக்கிட்டா மேற்படி எண்டா தொடங்குவான்? இப்ப கடைசி வரி."

"'பிரதி: கோவைக்கு.'" நடராசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மொட்டைக் கடதாசிக்கும் பைல் திறந்து கோவை வைச்சிருக்கிறானோ?"

"கந்தோர்க்காரன். ஆபீஸ் பழக்கத்தில கை எழுதிட்டுது."

உப்புக்குளத்தில், வாகை மர நிழலில், ஒரு தட்டச்சு இயந்திரமும் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளும்தான் நசீறாவின் கந்தோர். தொண்ணூறில் முஸ்லிம்களை ஊரைவிட்டு விரட்டியபோது புத்தளத்துக்குப் போய், இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்தவர். வந்த நாளிலிருந்து ஊர்ச்சனத்துக்கு மீள்குடியேற்றப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறார். படிவம் நிரப்பி நிரப்பி, எந்த வசனத்தில் மனிதர்கள் பொய் சொல்வார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். களவு போன தண்ணீர்ப் பம்பு, மாறிப்போன காணி உறுதி என்று ஏழெட்டு வழக்குகளை அந்த நிழலில் இருந்தபடியே முடித்திருக்கிறார். நடமாட வேண்டிய வேலைக்கு நடராசாவின் ஓட்டோ இருந்தது. வாயாட வேண்டிய வேலைக்கு நடராசாவே இருந்தான்.

கடிதம் அவர் கைக்கு வந்த வழிதான் வேடிக்கை. கீரி வீதிக் காவல் நிலையத்து இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. ஆகவே, இரகசிய முறைப்பாட்டை இரகசியமாக மொழிபெயர்த்துத் தரும்படி பொலிசே அதை நசீறாவிடம் கொடுத்தனுப்பியிருந்தது.

முறைப்பாட்டில் குற்றம் சாட்டப்பட்டவர் மற்றக் கதிரையில் இருந்தார். சரவணமுத்து. எழுபது வயது. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். முருங்கன் பக்கத்துத் தகரக் கொட்டிலில் இருந்துகொண்டு பழைய காலத்துச் சின்ன மாதிரி விமானங்கள் கட்டுவார். பாரமில்லாத பல்சா மரம் கிடைக்காத ஊரில் முள்முருங்கையைச் சீவி எலும்பாக்கி, மெல்லிய தாள் ஒட்டி, றப்பர் பாண்டை முறுக்கிப் பறக்க விடுவார். அந்த விமானங்களை விற்ற கொம்பனிகள் மூடி ஐம்பது வருடத்துக்கு மேல். அவற்றின் வரைபடங்கள் உலகத்தில் எவரிடமும் இல்லாதபோது இவரிடம் இருந்தன. கேட்டு எழுதுகிறவர்களுக்கெல்லாம் பிரதி எடுத்துச் சும்மா அனுப்பிக்கொண்டிருந்தார்.

"சில்வர் ரேர்ன்," என்றார் சரவணமுத்து. "ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தொண்டில வந்த பிளேன். அஞ்சு தாள். முதலாவது உடம்பு, ரெண்டாவது வால், மூண்டாவது செட்டை எண்ட இறக்கை, நாலாவது காத்தாடியும் சில்லும், அஞ்சாவது விளக்கம். இடம்பெயர்ந்த நேரம் பிவிசி குழாய்க்குள்ள வைச்சுக் கொண்டு திரிஞ்சனான். எல்லாச் சோதனைச் சாவடியிலயும் குழாயைக் கண்ணில வைச்சுப் பார்த்தவங்கள். ஒரு தாளும் போகேல்ல. சண்டை முடிஞ்ச பிறகு, போட்டோக்கொப்பிக் கடையில போய்த் துலைஞ்சிட்டுது."

"மூண்டாந்தாளோ?" என்று கேட்டார் நசீறா.

"ஓம் பிள்ளை. டிசம்பர் முப்பத்தொண்டு காலமை ஷிஹாப்பின்ர கடையில அஞ்சும் குடுத்தனான். அடுத்த நாள் போனா நாலுதான் இருக்கு."

பொலிஸ் அழைத்தபடி திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் ஐந்து தாள்களோடும் காவல் நிலையத்தில் நிற்க வேண்டும். ஐந்தும் இருந்தால் அது நாலடி நீள விளையாட்டுச் சாமான். நாலு மட்டும் இருந்தால், மிச்சத்தை யாரிடம் கொடுத்தாய் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி எவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போகும் என்று, விமானம் வைத்திருந்த இயக்கத்தோடு போர் முடிந்து நாலு வருடமும் ஆகாத இரண்டாயிரத்துப் பதின்மூன்றாம் ஆண்டு ஜனவரியில் அந்தப் பக்கத்தில் யாருக்கும் விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

"ஐயா, உங்கட பிளேன் போற தூரத்துக்கு என்ர ஓட்டோ ஸ்டார்ட் எடுக்காமலே உருண்டு போயிடும்," என்றான் நடராசா. "இதுக்கோ விசாரணை?"

சரவணமுத்து அதைக் காதில் வாங்கவில்லை. "மறியலில கம்பி எண்ணப் போறது கிடக்கட்டும் பிள்ளை. நியூசிலாந்தில ஒரு மனுசன் ரெண்டு வருசமாப் பாத்துக்கொண்டிருக்கிறார். முந்தி அனுப்பின ரெண்டு தாளையும் வைச்சு உடம்பும் வாலும் கட்டி வைச்சிட்டார். செட்டை இல்லாமல் அது மேசையில குந்திக்கொண்டு இருக்காம்."

நசீறா கடிதத்தின் நடுப்பகுதியில் விரலை வைத்தார். "நடராசா, இதைச் சத்தமா வாசியும்."

"'01. முருங்கன் சரவணமுத்து என்பவர் விமானம் வரைகிறார். 02. அவ்விமானம் உடலோ வாலோ அற்ற, வெறும் செட்டையினாலான இரகசிய வகையைச் சேர்ந்ததாகும். 03. இது சம்பந்தமாக அவர் கூறக்கூடிய எந்த விளக்கத்தையும் நம்ப வேண்டாமெனத் தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'"

"உடம்பில்லாத விமானம்," என்றார் நசீறா. "ஏன் அப்பிடி எழுதினவன்?"

நடராசாவுக்கு மெல்ல விளங்கியது. "அவன் கண்டது செட்டையை மட்டும்."

"மூண்டாந்தாளை வைச்சிருக்கிறவன்தான் எழுதியிருக்கிறான். மூண்டாவது பந்தியைப் பாரும். அவனுக்கு ஐயாவின்ர விமானத்தில பயமில்லை. ஐயா வாய் திறந்திடுவாரோ எண்டு பயம்." அவர் தட்டச்சு இயந்திரத்தின் மேல் உறையைப் போட்டார். "ஓட்டோவை எடும்."

*

ஷிஹாப்பின் கடையில் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது பெரிய பிரதி இயந்திரம். அந்தப் பக்கத்திலேயே காணி வரைபடத்தை முழுசாக விழுங்கக்கூடிய இயந்திரம் அது ஒன்றுதான் என்று ஷிஹாப் எல்லோருக்கும் சொல்லுவான்.

"எனக்குத் தெரியாது ராத்தா," என்றான் அவன், அவர் கேட்பதற்கு முன்பே. "வருசக் கடைசி நாள். எல்லாக் கந்தோரும் வந்து நிண்டது. அண்டைக்குள்ள முடிக்காட்டி வந்த காசு திரும்பிப் போயிடுமாம். ஆர் எதைக் கொண்டு வந்தது, ஆர் எதைக் கொண்டு போனது எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"கொண்டு வந்தவங்களை விடு. ஒண்டுமே கொண்டு வராமல் வந்தது யார்?"

ஷிஹாப் தலையைச் சொறிந்தான். "ஒண்டும் இல்லாமல் கொப்பிக் கடைக்கு ஆர் வருவினம்?" பிறகு அவன் முகம் மாறியது. "ஒருத்தர் வந்தார். கொப்பியும் எடுக்கேல்ல, தாளும் வாங்கேல்ல. றப்பர் பாண்ட் ஒண்டு மட்டும் கேட்டார். சும்மா குடுத்தனான்."

"வெறுங்கையோட வந்த மனுசனுக்கு றப்பர் பாண்ட் எதுக்கு?" என்றார் நசீறா.

"சுருட்டிக் கட்டத்தான்," என்றான் நடராசா. "ஆள் எப்பிடி?"

"புது ஆள். நீலத் தொப்பி. தொப்பியில பெரிசா எழுதியிருந்தது, 'கரையோர மறுமலர்ச்சித் திட்டம்' எண்டு."

நடராசா சட்டென்று நிமிர்ந்தான். அந்தத் திட்டத்தின் பட்டியலில்தான் அவனுடைய வீடு இருந்தது. சுவர் எழும்பி நாலு மாதமாயிற்று. மேலே ஐக்கிய நாடுகளின் நீலத் தார்ப்பாய்ப் படங்கு. கூரை போடத் தொழில்நுட்ப உத்தியோகத்தரின் ஒரு கையெழுத்து வேண்டும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவன் போய் அந்த உத்தியோகத்தரின் வாசலில் நிற்பான். அவரும் நீலத் தொப்பிதான் போடுவார்.

"என்ன, உமக்குத் தெரிஞ்ச தொப்பியோ?" என்று கேட்டார் நசீறா.

"தொப்பி தெரியும். தலைதான் எதெண்டு பாக்கவேணும்," என்றான் நடராசா. அதற்குப் பிறகு கீரி வரை அவன் பகிடி விடவில்லை. அந்தத் திட்டம் அப்போது ஒரே ஒரு கட்டடத்தைத்தான் தொடங்கியிருந்தது. கீரிக் கடற்கரையில், கடற்றொழிலாளர் பொதுமண்டபம்.

*

கடற்கரையில் அத்திவாரம் வெட்டி முடித்திருந்தார்கள். நடராசா ஓட்டோவை நிறுத்திவிட்டு மணல் மேட்டில் ஏறினான். ஏறியவன் அப்படியே நின்றான்.

அவன் வீட்டு அத்திவாரம் நாலு மூலை உள்ள அத்திவாரம். இதற்கு ஒரு மூலையும் இல்லை. நடுவில் அகன்று, இரண்டு பக்கமும் மெலிந்து போய், நுனிகளில் கரண்டிபோல வளைந்து முடிந்தது. குறுக்கே வாய்க்கால் வாய்க்காலாக வெட்டியிருந்தார்கள்.

சரவணமுத்து மேட்டில் ஏறி மூச்சு வாங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். உதடு அசைய எண்ணினார்.

"இருபத்திமூண்டு," என்றார் மெல்ல. "பிள்ளை, இது என்ர செட்டை."

மேசன் ஹலீம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வந்தான். யாரிடமாவது சொல்லி அழக் காத்திருந்தவன். "முப்பது வருசமா மேசன் வேலை செய்யிறன் ஐயா. இப்பிடி ஒரு பிளானை நான் கண்டதில்லை. ஓரங்குலத்துக்கு ரெண்டடி கணக்காம். தொண்ணூத்தாறடி நீளம், இருபத்திமூண்டு குறுக்குச் சுவர், நாலு நாலரை அடியில ஒவ்வொரு அறை. ஒரு மனுசன் காலை நீட்டிப் படுக்கேலாது. ஏன் சேர் எண்டு கேட்டா, நவீன முறை எண்டார்."

"எந்தச் சேர்?"

ஹலீம் கையைக் காட்டினான். தகரக் கொட்டகை ஒன்றிலிருந்து நீலத் தொப்பி போட்ட ஒருவர் வெளியே வந்தார். நடராசா தொப்பிக்குக் கீழே உற்றுப் பார்த்தான். தலையும் அதேதான். வெள்ளிக்கிழமைகளில் அவன் காத்து நிற்கும் அகிலன் சேர்.

அகிலன் சரவணமுத்துவைக் கண்டதும் திரும்பிக் கொட்டகைக்குள் போனார். அவர்களும் உள்ளே போனார்கள். மேசையில் சீமெந்துப் பற்றுச்சீட்டுகள், ஒரு தடித்த கோவை, சுருட்டிய ஒரு தாள். தாளில் ஒரு றப்பர் பாண்ட்.

"அது என்ர தாள்," என்றார் சரவணமுத்து.

"இது திட்டத்தின்ர அங்கீகரிக்கப்பட்ட வரைபடம்," என்றார் அகிலன். "ஏழு முத்திரை குத்தியிருக்கு."

"ஏழு பேரும் பார்த்தவையோ?" நசீறா கேட்டார்.

"கையெழுத்து வைச்சவை."

அவர் சொன்னது வேறொரு கேள்விக்கான பதில் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அகிலன் கதிரையில் இருந்தார். இருபத்தெட்டு, முப்பது வயதுக்கு மேல் இராது. தொப்பியைக் கழற்றியதும் இன்னும் குறைந்தது.

"டிசம்பர் முப்பத்தொண்டு," என்றார். "பின்னேரம் நாலு மணிக்குள்ள பிளான் போகாட்டி முழு மண்டபமும் திரும்பிப் போயிடும். வரையிறதுக்கு ஆளில்லை. கொப்பிக் கடையில இது மேசையில கிடந்தது, ஐயாவின்ர பேரும் ஊரும் எழுதின துண்டோட. கோடு நேரா இருந்தது, அளவெல்லாம் போட்டிருந்தது. ஒருத்தரும் விரிச்சுப் பாக்கமாட்டினம் எண்டு தெரியும். சாட்டுக்குக் குடுத்திட்டு ஜனவரியில சரியான பிளானை மாத்தி வைக்கலாம் எண்டுதான் நினைச்சனான். ஜனவரி மூண்டாந் திகதி அத்திவாரம் வெட்டச் சொல்லிட்டாங்கள். எங்கட திட்டத்தில ஒரு நாளும் ஒண்டும் இவ்வளவு கெதியா நடந்ததில்லை."

"மொட்டைக் கடதாசி?"

"அது நான் எழுதேல்ல." இதைச் சட்டென்று சொன்னார். பிறகு நடராசாவைப் பார்த்தார். குரல் இளகியது. "நடராசா அண்ணை, நீங்கள் வெள்ளிக்கிழமைகளில வாறனீங்கள் எல்லோ. உங்கட கோவை என்னட்டைத்தான் இருக்கு. திங்கட்கிழமை கூரைக்குக் கையெழுத்து வைக்கிறன். இவையைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

நடராசாவுக்கு மனைவியின் முகம் வந்தது. போன மாரியில் படங்கு கிழிந்து, அவளும் மகளும் கதிரையில் குந்தியபடி விடிய விடிய இருந்தது வந்தது. ஒரு கையெழுத்து. நசீறா அக்கா ஒன்றும் சொல்லமாட்டார். அவர் அவனைப் பார்க்கவுமில்லை, தட்டியில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"எந்தக் கோவை எண்டு முதல்ல பாப்பம் சேர்," என்று சொல்லி, அகிலனின் முழங்கைக்குக் கீழே கிடந்த தடித்த கோவையை ஒரே இழுப்பில் இழுத்து நசீறாவிடம் நீட்டினான். அந்த இழுப்புக்கு அவன் விலை கொடுத்தான். கூரைக் கையெழுத்துக்காக இன்னும் ஏழு வெள்ளிக்கிழமை நின்று, வேறொரு உத்தியோகத்தர் மாறி வந்தபின்தான் அது கிடைத்தது.

நசீறா கோவையைப் புரட்டினார். பற்றுச்சீட்டு, பற்றுச்சீட்டு, கூட்ட அறிக்கை, பற்றுச்சீட்டு. பிறகு, துளையிட்டு ஒழுங்காகக் கோத்து, பக்க எண்ணும் இட்டு, கார்பன் பிரதி ஒன்று. 'மேற்படி விடயம் தொடர்பாக.'

"பிரதி கோவைக்கு எண்டு போட்டிருந்தீங்கள் தம்பி," என்றார். "சொன்னபடி போட்டிருக்கிறீங்கள்."

அகிலன் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். "இந்த ஐயா எண்டைக்காவது கீரிப் பக்கம் வந்தா அத்திவாரத்தைக் கண்டுபிடிச்சிடுவார். அதுதான். கூப்பிட்டு வெருட்டி விடுவாங்கள் எண்டு மட்டும்தான் நினைச்சனான்."

"விமானம் வரையிறான் எண்டு எழுதினா இஞ்ச வெருட்டி மட்டும் விடுவாங்களோ தம்பி?" என்று கேட்டார் சரவணமுத்து. அவர் குரல் உயரவில்லை.

அந்த நேரம் வாசலில் நிழல் விழுந்தது. கடற்றொழிலாளர் சங்கத் தலைவரும் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேரும். யாரோ பிளானைப் பறிக்க வந்திருக்கிறார்கள் என்று ஹலீம் போய்ச் சொல்லியிருந்தான்.

"பிளானை மாத்த விடமாட்டம்," என்றார் தலைவர். "முந்தி ரெண்டு மண்டபம் கட்டித் தந்தவை. மேடை இருக்கு, பேசுறதுக்கு மைக் இருக்கு. வலை வைக்க இடமில்லை. இதில இருபத்திரண்டு அறை. சங்கத்தில இருபத்திரண்டு பேர். ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு பூட்டு. கந்தோரால வந்த பிளான்களில எங்களைக் கேக்காமலே எங்களுக்குச் சரியா வந்தது இது ஒண்டுதான்."

நடராசா சரவணமுத்துவின் காதருகே குனிந்தான். "ஐயா, நீங்கள் பறக்கிறதுக்கு வரைஞ்சதை இவையள் பூட்டுப் போடப் போகினம்."

நசீறா மட்டும் சிரிக்கவில்லை. அவர் றப்பர் பாண்டைக் கழற்றித் தாளை மேசையில் விரித்திருந்தார். முத்திரைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தவர், கடைசி முத்திரையில் நின்றார். குனிந்து மறுபடியும் வாசித்தார். பிறகு நிமிர்ந்தபோது அவர் முகம் வெளித்திருந்தது.

"பிளான் மாறாது," என்றார் தலைவரிடம். "ஷிஹாப்பின்ர கடையில பிரதி எடுத்து மேசனுக்குக் குடுப்பம். அசலை ஐயா கொண்டு போவார். தம்பி அகிலன், நீங்கள் இன்னொரு கடிதம் எழுதப் போறீங்கள். இந்த முறை மேற்படி எண்டதுக்கு மேல ஏதாவது எழுதுவம். இந்த வரைபடம் சரவணமுத்துவுக்குச் சொந்தம், நான் அனுமதியில்லாமல் எடுத்தனான், முன்னைய முறைப்பாடு பொய். கீழ உங்கட பேர்."

"வேலை போயிடும் அம்மா."

"போகாது. சனத்துக்கு உதவுற கட்டடம் எழும்புது. அதுக்காக வேணுமெண்டா உங்களை மாத்துவினம்."

*

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு இன்ஸ்பெக்டர் நாலு தாள்களை மேசையில் பரப்பி, ஐந்தாவதற்குக் கையை நீட்டினார். நடராசா கதவோரம் நின்றான். உள்ளே வர அனுமதியில்லை, வெளியே போகச் சொல்லவுமில்லை.

"மூன்றாவது எங்கே?" என்றார் இன்ஸ்பெக்டர். தமிழ் ஒவ்வொரு சொல்லாக வந்தது. "யாருக்குக் கொடுத்தீர்கள்?"

சரவணமுத்து சுருளை நீட்டினார். நசீறா அதோடு அகிலனின் புதுக் கடிதத்தையும் அதன் சிங்கள மொழிபெயர்ப்பையும் வைத்தார்.

இன்ஸ்பெக்டர் மொழிபெயர்ப்பை வாசித்தார். நெற்றி சுருங்கியது. "இது விமானத்தின் இறகு என்று ஐயாவே சொல்கிறார். அப்படியென்றால் அரசாங்கத் திட்டத்தில் விமான இறகைப் புகுத்தியிருக்கிறீர்கள். இது இன்னும் பெரிய விசயம். இதை யார் அனுமதித்தது? ஒவ்வொருவரையும் கூப்பிட வேண்டும்."

"ஏழு பேர் சேர்," என்றார் நசீறா. "வலப்பக்க மூலையில இருக்கு."

இன்ஸ்பெக்டர் விரலை வைத்து எண்ணிக்கொண்டு போனார். திட்டமிடல். நிதி. சுற்றாடல். கரையோரம். கட்டடம். பணிப்பாளர். ஏழாவது முத்திரையில் விரல் நின்றது.

'பாதுகாப்பு அனுமதி. ஆட்சேபனை இல்லை. கீரி வீதிக் காவல் நிலையம்.' அதன் கீழே நீல மையில் அவருடைய சொந்தக் கையெழுத்து. ஜனவரி இரண்டாம் திகதி.

நடராசா தரையில் ஓடிய எறும்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். நிமிர்ந்தால் சிரித்துவிடுவான் என்று அவனுக்குத் தெரியும்.

இன்ஸ்பெக்டர் மொட்டைக் கடதாசியை எடுத்து நாலாக மடித்தார். பிறகு எட்டாக. "விசாரணை முடிந்தது," என்றார். "ஐயா போகலாம். தேத்தண்ணி குடிக்கிறீர்களா?"

சரவணமுத்து எழும்பவில்லை. விடுதலை அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. அவர் மூன்றாம் தாளின் மேல் மூக்கு முட்டக் குனிந்திருந்தார். பதினோராவது எலும்புக்குப் பக்கத்தில் யாரோ பென்சிலால் சதுரம் ஒன்று கீறி, அம்புக்குறி போட்டு, சிங்களத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்கள்.

"இது என்ன எழுதியிருக்கு பிள்ளை?"

நசீறா தயங்கினார். "'இவ்விடத்தில் ஒரு வாசற் கேற் வைக்கவும்' எண்டிருக்கு ஐயா."

"ஆர் எழுதினது?"

நசீறா இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் ஜன்னலைப் பார்த்தார்.

சரவணமுத்துவின் காதுகள் சிவந்தன. மறியலைப் பற்றிப் பேசியபோதுகூட நடராசா அவரை இப்படிக் கண்டதில்லை. அவர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, மேசைக்கு அப்பால் இருந்த சீருடையை முதன்முறையாக நேராகப் பார்த்தார்.

"சேர், செட்டைக்குக் கேற் வைச்சா அது பறக்காது," என்றார். "ஒரு அழிறப்பர் தாங்கோ."

இன்ஸ்பெக்டர் மேசை லாச்சியைத் திறந்து தேடத் தொடங்கினார்.